ஏழாம் வரியில் ஒரு கப்

இன்று காலை எட்டு இருபதுக்கு எங்கள் வீட்டில் ஒரு கப் உடைந்தது. பூனாவில், பாணேர் பகுதியில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். சமையலறைத் தரையில் வழவழவென்று டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் விழுந்த எதுவும் பிழைத்ததில்லை. வேலைக்கு வரும் சுனிதா, "கப் புட்லா, தாயி" என்றாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. கப் தானாகவே உடைந்துகொண்டது என்பது போன்ற ஒரு குரல். நான் ஏதாவது சொல்வேன் என்று துடைப்பத்தோடு காத்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். நான் தினமும் டைரி எழுதுகிறவள். மழை பெய்ததா, பால் வந்ததா, யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், எல்லாம் இருக்கும். வருட வாரியாக அலமாரியில் அடுக்கி, முதுகில் வெள்ளைத்தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். என் மகன் அதை ரெக்கார்டு ரூம் என்று கேலி செய்வான். அந்த அடுக்கின் ஓரத்தில் டைரி அல்லாத ஒரு நோட்டும் இருக்கிறது. நீல அட்டை, நாற்பது பக்கம். அதில் பாதிதான் எழுதியிருக்கிறது. கப் உடைந்தால் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இதே பூனாவின் கட்கியில் இருந்தோம். அப்பா ராணுவக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா, நான் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். மூன்று மாடிக் கட்டிடம். இரண்டாவது, மூன்றாவது மாடிகளில் எங்களோடு சேர்த்து எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். சத்தத்துக்குக் குறைவில்லாத இடம். தூரத்தில் எங்கோ வெடி சோதிப்பார்கள். அந்த நேரத்தில் ஜன்னல் கண்ணாடிகள் பல்லை நறநறவென்று கடிக்கும். குழாயடியில் குடத்தால் மண்டையில் அடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு அடி விழும். முதுகில் விழுந்தால் ஒரு சத்தம், கன்னத்தில் விழுந்தால் ஒரு சத்தம். எந்த வீடு, எந்தப் பிள்ளை, எதனால் அடிக்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். இதையெல்லாம் நான் டைரியில் 'பக்கத்தில் சத்தம்' என்று இரண்டு சொல்லில் எழுதுவேன். வெடிச் சத்தத்துக்கும் அதே இரண்டு சொல்தான்.

பக்கத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். குழந்தையைச் சேர்க்க வேண்டுமானால் அம்மாவும் வந்து ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். தினமும் என்ன செய்வீர்கள், நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்களாம். எங்கள் கட்டிடமே கதிகலங்கியது. மூன்றாவது மாடி சரோஜக்கா, திருநெல்வேலிக்காரி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏட்டி, எம் மவனுக்கு எடம் கெடைக்கலைன்னா அவுக என்னைய வெட்டிப் போட்ருவாக. நீதான் ஆபீஸ்ல டக்கு டக்குனு இங்கிலீசு அடிக்கியே, நாலு வார்த்த சொல்லிக் குடேன்."

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வகுப்பு தொடங்கியது. ஏழு பெண்கள். எனக்கு வயது இருபத்து நாலு. எல்லோரும் என்னை டீச்சர் என்றார்கள், சரோஜக்காவைத் தவிர. எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

கற்பிக்க எனக்குத் தெரியாது, ஒழுங்கு தெரியும். என் அகராதியின் கடைசிப் பக்கங்களில் வினைச்சொற்கள் வரிசையாக இருந்தன; நிகழ்காலத்துக்கு ஒன்று, இறந்தகாலத்துக்கு ஒன்று. வாரத்துக்கு ஒரு சொல் என்று அந்த வரிசையிலேயே போனேன். பீட், பெண்ட், பைட், ப்ளீட், ப்ளோ, ப்ரேக். அடி, வளை, கடி, ரத்தம் சிந்து, ஊது, உடை. ஆங்கிலம் படிக்கிறோமா, குற்றப்பத்திரிகை படிக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் வரிசையை மாற்ற மனம் வரவில்லை.

விதிகளும் வைத்தேன். ஒவ்வொருத்தியும் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும், ஒன்று தினமும் நடப்பது, ஒன்று நேற்று நடந்தது. இரண்டும் சொந்த வீட்டில் உண்மையாக நடந்திருக்க வேண்டும், கற்பனைக்கு இடமில்லை. ஒருத்தி சொல்லி முடித்ததும் மற்ற ஆறு பேரும் அதை அப்படியே ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய டைப் தாள்களின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். ஐந்து மணிக்கு நீல நோட்டில் சுத்தமாக எழுதுவேன். நேற்று நடந்த ஏழு வாக்கியத்துக்கு ஏழு வரி, மேலே தேதி, கிழமை. திங்கள் முதல் ஞாயிறு வரை நாளுக்கு ஒரு வீடாக நோட்டு போய்வரும். கிறுக்கிய தாள்களை மறுநாள் காலை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவேன். வீட்டில் குப்பை சேர்வது எனக்குப் பிடிக்காது.

'அடி' வாரத்தில் சரோஜக்கா எழுந்து, "டெய்லி ஐ பீட் மை சன். யெஸ்டர்டே ஐ பீட் மை சன் வித் செருப்பு" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள். ஆறு அம்மாக்கள் ஒரே குரலில் ஒரு பையனைச் செருப்பால் அடித்தார்கள். நானும் சிரித்தேன், நோட்டில் செருப்பைக்கூட விடாமல் எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை சரோஜக்கா கன்னம் வீங்கி வந்தாள்.

"அவுக நோட்ட வாசிச்சுட்டாக. வீட்டு நாத்தத்த ஊருக்கு எழுதிக் குடுத்தியான்னு நாலு சாத்து சாத்திட்டாக. இந்தா பாரு ஏட்டி, நாங்க என்னமும் சொல்லுவோம். நீ பாத்து எழுது."

அன்றிலிருந்து நான் பார்த்து எழுதினேன். சரோஜக்காவின் பையன் நோட்டில் கோரைப்பாயானான். 'நேற்று நான் பாயை அடித்தேன்.' 'கடி' வாரத்தில், குழாயடிச் சண்டையில் ஒருத்தியின் கையைக் கடித்ததாக வகுப்பிலிருந்த லட்சுமி பெருமையோடு சொன்னதை, நாய் கடித்ததாக எழுதினேன். எங்கள் கட்டிடத்தில் நாயே கிடையாது. எல்லோரும் பாராட்டினார்கள். "டீச்சர் எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்கள்.

இனி வசந்தா. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. திண்டுக்கல் பக்கம், மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. நாலு வயதில் தேன்மொழி என்று ஒரு பெண். "இவ இங்கிலீசு படிச்சு எங்கயாச்சும் தூரமா போயிரணும் டீச்சர். நான் போக மாட்டாத தூரம்" என்பாள். அவளுக்குக் காது கூர்மை. கேட்டதை உடனே சொல்வாள். ஆனால் எழுத்து அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். நோட்டு அவர்கள் வீட்டுக்குப் போனால் படிப்பது அவள் கணவர் செல்வராஜ்தான்.

செல்வராஜைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது, கதவு திறந்திருக்கும்வரை. ஃபிட்டர் வேலை. இஸ்திரி போட்ட சட்டை. அப்பாவுக்காக சிலிண்டரை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு ஆணி ஒவ்வொன்றும் அவர் அடித்தது. கதவு சாத்தியபின் கேட்பதை நான் டைரியில் எப்படி எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

'உடை' வாரம் வந்தது. ப்ரேக், ப்ரோக். சரோஜக்கா தேங்காய் உடைத்தாள். லட்சுமி வீட்டில் கண்ணாடி உடைந்தது. இன்னும் நாலு பேர் தேங்காயே உடைத்தார்கள். எனக்கு அலுப்புத் தட்டியது. வசந்தா கடைசி. அன்று முந்தானையால் வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். பல்வலி என்று நினைத்தேன்.

எழுந்தாள். முந்தானையை எடுத்தாள். மேல் உதடு கத்தரிக்காய் நிறத்தில் தடித்திருந்தது.

"மை ஹஸ்பண்ட் ப்ரேக்ஸ் திங்ஸ் டெய்லி. யெஸ்டர்டே ஹீ ப்ரேக்கட் மை டூத்."

நான் சொன்னது இது: "ப்ரேக்கட் இல்லை வசந்தா, ப்ரோக்."

"ஹீ ப்ரோக் மை டூத்."

"கடைசிச் சொல் சரியா வரலை. நுனி நாக்கை மேல் பல்லில் வைத்துச் சொல்லு."

அவள் முயன்றாள். நாக்கு வைக்க அங்கே பல் இல்லை. காற்றுதான் வந்தது, கூடவே கொஞ்சம் ரத்தமும் வந்தது. அவள் விழுங்கிக்கொண்டு மறுபடி முயன்றாள். நல்ல மாணவி. மூன்றாம் தடவையில்தான் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் விதியை நினைத்துக்கொண்டிருந்தேன். கை தானாக உயர்ந்து மற்றவர்களுக்குச் சைகை காட்டிவிட்டது. ஆறு பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

யெஸ்டர்டே மை ஹஸ்பண்ட் ப்ரோக் மை டூத்.

லட்சுமிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. சரோஜக்காவின் குரல்தான் கடைசிவரை கேட்டது. நான் மணி பார்த்து, நேரமாகிவிட்டது என்றேன். மூணு ஐம்பதுதான் ஆகியிருந்தது. அந்த வருடம் நான் பத்து நிமிடம் முன்னதாக முடித்த ஒரே வகுப்பு அது.

ஐந்து மணிக்கு நீல நோட்டைத் திறந்தேன். ஆறு வரி எழுதினேன். ஏழாவது வரியில் பேனா நின்றது. நோட்டு சனிக்கிழமை வசந்தா வீட்டுக்குப் போகும், அவர் படிப்பார். சரோஜக்காவின் கன்னம் நினைவுக்கு வந்தது. அவளுடைய நன்மைக்காகத்தான் மாற்றினேன். இதைப் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம், இல்லையா? அதைச் செய்யவில்லை. ஏழு பேருக்கு ஏழு வரி. ஒன்று குறைந்தால் பக்கம் மூளியாக இருக்கும். முத்து முத்தாக எழுதினேன்: யெஸ்டர்டே மை ஹஸ்பண்ட் ப்ரோக் எ கப். மறுநாள் காலை பழைய பேப்பர்காரர் வந்தார். தாள்களைப் போட்டேன்.

மூன்று மாதம் கழிந்தது. வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. கட்டு, எரி, வாங்கு, பிடி. வசந்தா எழுத்துக் கூட்டுவதைத் தாண்டி, கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு நடப்பாள். பல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. சிரிக்கும்போது மட்டும் கையால் மறைப்பாள்.

ஒரு வியாழக்கிழமை நான் ஆபீசிலிருந்து நாலரைக்கு வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் தேன்மொழி, அந்தக் குழந்தையின் முழங்கைக்கு மேல் நாலு விரல் பதிந்த கறுப்பு.

"பிள்ளைய தூக்கிச் சுவத்துல எறியப் போனாரு டீச்சர். நான் போலீஸ் சௌக்கிக்குப் போய்ட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பல்லக் காட்டுனேன். நீ கீழ விழுந்திருப்பேங்குறாரு போலீஸ்காரரு. எப்ப நடந்துச்சுன்னு எழுத்துல ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன்." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எங்க டீச்சர் தேதி கிழமையோட எழுதி வச்சிருக்காங்கன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரு ஆறு மணிக்கு வந்துருவாரு. நோட்டக் குடுங்க."

அன்று நோட்டு என்னிடம்தான் இருந்தது. அட்டை போடுவதற்காக வாங்கி வைத்திருந்தேன். வேறு வீட்டில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். அவளே பக்கத்தைத் தேடினாள். தேதியைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. தேங்காய், கண்ணாடி, தேங்காய். ஏழாம் வரியில் நின்றது. அவள் சத்தமாகப் படித்தாள். தடங்கலே இல்லை, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே படித்தாள்.

"கப்பா?" என்றாள்.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நோட்டு வீடு வீடாகப் போகிறது, அவர் படிப்பார், உனக்காகத்தான் என்றேன்.

"கிறுக்கி எழுதுவீங்களே, அந்தத் தாளு?"

"போட்டுட்டேன்."

அவள் நோட்டை மூடினாள். "சரி, இப்ப ஒரு தாள்ல எழுதுங்க. நான் சொன்னத எழுதி, அன்னைக்குத் தேதி போடுங்க."

இதற்கு நான் சொன்ன பதிலை எந்த டைரியிலும் எழுதவில்லை. ஆனால் ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை. "தேதியை மாத்தி எழுதினா தப்பு வசந்தா. பொய்யாயிடும்" என்றேன்.

அவள் கையால் மறைக்காமல் சிரித்தாள். அந்த இடைவெளியை அன்றுதான் நேராகப் பார்த்தேன்.

"பல்ல மாத்திட்டீங்க. தேதிய மாத்தத் தெரியாதாக்கும்."

என்னை டீச்சர் என்று சொல்லாமல் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு, "எல்லாரும் சேந்து சொன்னீங்கல்ல? வந்து சொல்லுங்க" என்று மாடிப்படி ஏறினாள். நானும் பின்னால் போனேன். சரோஜக்கா மாவு கையோடு கதவைத் திறந்தாள்.

"என்ன சொன்னோம்? நீ சொன்ன, நாங்க சொன்னோம். அர்த்தம் யாரு கண்டா? எனக்கு ஏதுளா இங்கிலீசு?"

லட்சுமிக்கும் ஆங்கிலம் தெரியவில்லை. அடுத்த வீட்டிலும் தெரியவில்லை. எல்லோரும் பள்ளிக்கூட நேர்காணலுக்கு முழுசாகத் தயாராக இருந்தவர்கள். கடைசியில் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்து வசந்தா என்னைப் பார்த்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. உள்ளேயிருந்து அப்பா, "நமக்கெதுக்கும்மா சௌக்கியெல்லாம், கவர்மெண்டு வேலை" என்றார்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

ஆறு பத்துக்குத் தொடங்கியது. சௌக்கியிலிருந்து யாரோ செல்வராஜிடம் சொல்லியிருக்க வேண்டும். முதலில் பாத்திரங்கள் விழுந்தன. பிறகு மரத்தில் விழுகிற மாதிரியான அடி, சீரான இடைவெளியில். அவள் கத்தவில்லை, தேன்மொழிதான் கத்தினாள். எங்கள் சுவரில் அவர் அடித்த ஆணியில் மாட்டியிருந்த காலண்டர் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சைக் குச்சியை முறித்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப்பின் ஒன்றுமில்லை.

சரோஜக்கா மாடியிலிருந்து ஓடி வந்தாள். அவள் தள்ளியதால்தான் நான் கதவைத் தட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்வராஜ் திறந்தார். சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. வலது கையில் சப்பாத்திக் கட்டை. அதைப் பார்த்துவிட்டோம் என்று தெரிந்து, நிதானமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். கப்பு உடைஞ்சிருச்சு."

அந்த வரியை அவர் மூன்று மாதமாக வைத்திருந்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் நோட்டைப் படித்துவிட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பியவர் அல்லவா? வேண்டியபோது எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில், வசந்தா தன் வலது மணிக்கட்டை இடது கையால் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அன்றைய டைரி இதோ இருக்கிறது. '6.10 பக்கத்தில் சத்தம். 6.35 நின்றது.'

பத்து நாளில் திண்டுக்கல்லிலிருந்து அவள் அண்ணன் வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். மாவுக்கட்டுக் கையோடு படி இறங்கினாள். தேன்மொழி எனக்கு டாட்டா காட்டினாள். வசந்தா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வசந்தா முன்பே போய்ப் பேசிக் காட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் தேன்மொழிக்கு இடம் கிடைத்த கடிதம் அதற்கு அடுத்த வாரம் வந்தது. செல்வராஜ்தான் வாங்கினார். சரோஜக்காவின் மகனுக்கும் கிடைத்தது. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். பாயை அடித்தேன் என்றாளாம், மிகவும் மெச்சினார்களாம். ஞாயிறு மூன்று மணிக்கு அதன்பின் யாரும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தக் கட்டிடத்தை இடித்தார்கள். கல்யாணமாகி விமான் நகரில் இருந்த நான், ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் மட்டும் பாதி நின்றது. ஆணி அதிலேயே இருந்தது. அடுத்த முறை போனபோது சுவரும் இல்லை. குழாயடி இல்லை. வெடிச் சத்தம் இங்கே பாணேர்வரை வராது. சரோஜக்கா ஊரோடு போய்விட்டாள். வசந்தா எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. தேன்மொழிக்கு இப்போது அவள் அம்மாவின் அன்றைய வயதைவிட அதிகம் இருக்கும். வசந்தா சொன்னதை நான் கிறுக்கிய தாள் பூனாவில் எந்தக் கடையில் எதைப் பொட்டலம் கட்டியதோ.

சுனிதா துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது நீல நோட்டை எடுத்துப் பார்த்தேன். பேனாவையும் எடுத்துவந்திருந்தேன். ஏழாம் வரியை அடித்துத் திருத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு. இன்றைய தேதியைத்தான் போட வேண்டியிருக்கும். மை மங்கவில்லை. எழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. தேதி சரி. கிழமை சரி. தேங்காய் ஐந்து, கண்ணாடி ஒன்று, எல்லாம் சரி. கடைசியில் கப் என்று இருக்கிறது.